முத்துசாமி என்னும் குடும்பப்பெயர்

கொஞ்சம் நீளமான பதிவு. ஓய்வாக இருக்கும்போது படியுங்கள்.

2025 நவம்பரில் குவஹாட்டியில் நடந்த டெஸ்ட் பந்தயத்தில் தென்னாப்பிரிக்காவின் செனுரன் முத்துசாமி 109 ரன் எடுத்தார். அன்று மாலை நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் ஒரே கேள்வி மழை. "டீச்சர், இவர் நம்ம ஊர்க்காரரா?" "முத்துசாமி என்பது அவர் பெயரா, அவர் அப்பா பெயரா?" "சட்டையின் முதுகில் முத்துசாமி என்று போட்டிருக்கிறதே, அப்படியானால் அவர் பிள்ளைகளும் முத்துசாமிதானா?"

அதே சமயம் நம் சொந்தக்காரர் குழுவில் வேறொரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. அமெரிக்காவில் பிறந்த நம் வீட்டுக் குழந்தைக்கு சர்நேம் கட்டத்தில் என்ன எழுதுவது? "பேசாமல் நம் சாதிப் பட்டத்தையே போட்டுவிடுங்கள், பார்க்கவும் கௌரவமாக இருக்கும்" என்று இரண்டு மூன்று பேர் சொன்னார்கள். கை தூக்கும் பொம்மைகளும் நிறைய விழுந்தன.

இந்த இரண்டு பேச்சுக்கும் ஒரே வரலாறுதான் பதில். அதைத்தான் எழுதப்போகிறேன்.

முதலில் பெயர். முத்துசாமி நமக்குப் புதிய பெயரா? முருகனுக்கு முத்துக்குமாரசாமி என்று பெயர். வைத்தீஸ்வரன்கோயிலில் அவர் செல்வமுத்துக்குமாரசாமி. பிள்ளை இல்லாதவர்கள் அங்கே வேண்டிக்கொண்டு, பிறந்த பிள்ளைக்கு முத்துசாமி என்றோ முத்துக்குமார் என்றோ வைப்பது சோழநாட்டு வழக்கம். சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசாமி தீட்சிதருக்கும் அப்படித்தான் அந்தப் பெயர் வந்தது என்பார்கள். சென்னை உயர்நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதி முத்துசாமி அய்யர். அவர் சிலை இன்றும் நீதிமன்றத்துக்குள் இருக்கிறது. அதே காலத்தில் வயலில் நாற்று நட்டவரும் முத்துசாமி, மாட்டு வண்டி ஓட்டியவரும் முத்துசாமி. பெயர் எல்லோருக்கும் ஒன்றுதான். பெயருக்குப் பின்னால் ஒட்டிய வால்தான் யார் திண்ணையில் உட்காரலாம், யார் தெருவில் நிற்க வேண்டும் என்று பிரித்தது.

தமிழ்நாட்டில் லட்சக்கணக்கான முத்துசாமிகள் இருந்திருக்கிறார்கள். ஆனால் முத்துசாமியைக் குடும்பப்பெயராக, அதாவது தாத்தா, அப்பா, மகன், பேத்தி எல்லோரும் சுமக்கும் பெயராக இங்கே காண்பது மிக அரிது. நம் வழக்கப்படி முத்துசாமியின் மகன் மு. கந்தன். கந்தனின் மகள் க. வள்ளி. இரண்டே தலைமுறையில் முத்துசாமி மறைந்துவிடுவார்.

அப்படியானால் முத்துசாமி எங்கே, எப்படிக் குடும்பப்பெயர் ஆனார்? கப்பலில் ஆனார்.

1833-இல் பிரிட்டன் தன் காலனிகளில் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் இயற்றியது. 1848-இல் பிரான்சும் ஒழித்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டும். அடிமை இல்லாவிட்டால் ஒப்பந்தக் கூலி. மொரீஷியஸ், ரீயூனியன், கயானா, டிரினிடாட், மார்த்தினிக், குவாதலூப், நேட்டால், ஃபிஜி என்று கப்பல்கள் போயின. சென்னை, பாண்டிச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து நம் மக்கள் ஏறினார்கள். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தை எட்டாம் வகுப்பில் பாடமாக நடத்தியிருக்கிறேன், நினைவிருக்கும். சோறு இல்லாத ஊரில் ஆள் பிடிக்கும் கங்காணிக்குப் பேச்சு அதிகம் தேவைப்படவில்லை.

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போன முதல் கப்பலின் பெயர் ட்ரூரோ. 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து கிளம்பி நவம்பர் 16 அன்று டர்பன் போய்ச் சேர்ந்தது. அதில் 342 பேர். அன்று தொடங்கி 1911 வரை நேட்டாலுக்கு மட்டும் 1,52,184 பேர் போனார்கள். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள். வட ஆற்காடு ஜில்லாவிலிருந்தும், நம் செங்கல்பட்டு ஜில்லாவிலிருந்தும் போனவர்கள் அதில் நிறைய. நாம் குடியிருக்கும் தாம்பரம் அந்தச் செங்கல்பட்டு ஜில்லாவுக்குள்தான் இருந்தது.

ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு பட்டியல் உண்டு. குமாஸ்தா ஒருவர் மேசை போட்டு உட்கார்ந்து, வரிசையில் வருபவர்களைக் கேட்டுக் கேட்டு எழுதுவார். எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உயரம், உடம்பில் என்ன அடையாளம். வகுப்பில் நான் வைத்திருந்த வருகைப் பதிவேட்டைவிடப் பெரிய பதிவேடு அது. அந்தப் பட்டியல்கள் அழியாமல் இருப்பதால்தான் இன்று டர்பனில் இருக்கும் பேரப்பிள்ளைகள் தங்கள் ஊரைத் தேடிக் கண்டுபிடிக்க முடிகிறது.

அந்தப் பட்டியலில் குடும்பப்பெயர் என்று ஒரு கட்டம் இல்லை. நம்மவரிடம் அப்படி ஒன்று இல்லையே. ஆனால் போய் இறங்கிய நாட்டில் சட்டம் வேறு. அங்கே குழந்தை பிறந்தால் பதிவு செய்ய வேண்டும், கல்யாணம் என்றால் பதிவு செய்ய வேண்டும், ஒப்பந்தம் முடிந்து நிலம் வாங்கினால் பத்திரம் எழுத வேண்டும். ஒவ்வொரு காகிதத்திலும் வீட்டுப் பெயர் என்ன என்ற கேள்வி வரும். அப்போது எழுதுகிறவர் கைக்குக் கிடைத்தவை இரண்டுதான். ஒன்று, தகப்பன் பெயர். மற்றொன்று, சாதிப் பட்டம்.

தென்னாப்பிரிக்கத் தமிழ், தெலுங்குப் பெயர்களைப் பாருங்கள், இந்த இரண்டு வழியும் தெரியும். நாயுடு, பிள்ளை, செட்டி, ரெட்டி, படையாச்சி, நாயக்கர், கவுண்டர், முதலி ஆகியவை பட்டத்திலிருந்து வந்தவை. ஆங்கிலக்காரர் காதில் விழுந்தபடி எழுதியதில் கவுண்டர் அங்கே கவெண்டர் ஆனார், முதலி மூட்லி ஆனார். முத்துசாமி, முனுசாமி, சுப்பராயன், நாகப்பன், பெருமாள் ஆகியவை ஓர் ஆளின் பெயரிலிருந்து வந்தவை. செனுரன் முத்துசாமி, அதே அணிக்கு ஆடிய பிரெனெலன் சுப்ராயன் இருவரின் பெயரும் இந்த இரண்டாவது வகை. முத்துசாமி டர்பனில் 1994-இல் பிறந்தவர். 2019-இல் விசாகப்பட்டினத்தில் முதல் டெஸ்ட் ஆடி, முதல் விக்கெட்டாக விராட் கோலியை எடுத்தபோதே பலர் அந்தப் பெயரைக் கவனித்தார்கள். இப்போது உங்கள் கேள்விக்குப் பதில்: அது அவருக்கு வைத்த பெயர் அல்ல, அவர் அப்பாவுக்கு வைத்த பெயராகவும் இருக்க வேண்டியதில்லை. எப்போதோ ஒரு தலைமுறையில் வாழ்ந்த ஒருவரின் பெயர், எல்லோருக்கும் பெயராக நின்றுவிட்டது. ஆம், அவர் பிள்ளைகளும் முத்துசாமிதான்.

இதில் ஒரு கசப்பும் உண்டு. சாமி என்று முடியும் பெயர்கள் அதிகம் என்பதால் நேட்டாலில் வெள்ளைக்காரர்கள் இந்தியர் யாராக இருந்தாலும் "சாமி" என்று இளக்காரமாகக் கூப்பிட்டார்கள். காந்தியடிகள் தன் வரலாற்றில் இதை எழுதியிருக்கிறார். சாமி என்றால் எஜமான் என்று பொருள் தெரியுமா என்று வேடிக்கையாகக் கேட்டால் அவர்களுக்குக் கோபம் வருமாம்.

இனி அட்லாண்டிக் கடலைத் தாண்டுவோம். கரீபியன் கடலில் குவாதலூப் என்று ஒரு பிரெஞ்சுத் தீவு. உலகப் படத்தில் விரல் நுனி வைத்தால் மறைந்துவிடும். மக்கள்தொகை நான்கு லட்சத்துக்கும் குறைவு. 1854 டிசம்பரில், கிறிஸ்துமஸ் சமயத்தில், ஓரேலி என்ற கப்பல் அங்கே நம் ஆட்களை முதன்முதலில் இறக்கியது. அதன்பின் 1889 வரை 40 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறங்கினார்கள். பாண்டிச்சேரி, காரைக்காலில் ஏறியவர்கள் அதில் பெரும்பங்கு. அங்கே இன்றும் மாரியம்மனுக்குக் கோயில் உண்டு. தமிழ் பேச்சு போய்விட்டது. பெயர் மட்டும் இருக்கிறது.

அங்கே முத்துசாமி "மூத்துஸ்ஸாமி" ஆனார். எழுதும் முறையைப் பாருங்கள், பிரெஞ்சுக் குமாஸ்தாவின் காது தெரியும். நம் உகரத்துக்கு அவர்கள் ஓ, யூ என்று இரண்டு எழுத்து போடுவார்கள். உயிரெழுத்துகளுக்கு நடுவில் ஒற்றை எஸ் வந்தால் அவர்களுக்கு அது இசட் ஒலி. முத்துஜாமி மாதிரி ஆகிவிடும். அதனால் இரண்டு எஸ். ஆங்கிலக்காரர் ஆண்ட இடங்களில் இரண்டு ஓ போட்டு மூட்டூசாமி. ஆக, ஒருவர் தன் பெயரை எப்படி எழுதுகிறார் என்று பார்த்தாலே அவர் முன்னோர் பிரெஞ்சு மேசையில் நின்றாரா, ஆங்கில மேசையில் நின்றாரா என்று ஊகிக்கலாம்.

குவாதலூப்பில் இந்தப் பெயர் எங்கே போய்ச் சேர்ந்தது என்று சொல்கிறேன். எர்னெஸ்ட் மூத்துஸ்ஸாமி எழுத்தாளர். இருபது ஆண்டுகளுக்கும் மேல் பாரிஸ் நாடாளுமன்றத்தில் குவாதலூப்பின் உறுப்பினராகவும், செயின்ட் பிரான்சுவா நகரின் மேயராகவும் இருந்தார். அமெரிக்காவின் சிகாகோவில் ஜான் மூத்துஸ்ஸாமி என்று ஒரு கட்டடக் கலைஞர். அவர் தந்தைவழி வேர் குவாதலூப். கருப்பின மக்களின் புகழ்பெற்ற எபனி, ஜெட் பத்திரிகைகளை வெளியிட்ட ஜான்சன் நிறுவனத்தின் பதினொரு மாடிக் கட்டடத்தை வடிவமைத்தவர் அவர்தான். அவர் மகள் ஜீன் மூத்துஸ்ஸாமி ஆஷ் சிறந்த புகைப்படக் கலைஞர். 1975-இல் விம்பிள்டன் வென்ற ஆர்தர் ஆஷின் மனைவி. கல்யாணத்துக்குப் பிறகும் மூத்துஸ்ஸாமியை விடவில்லை, பாருங்கள். அடுத்து சாமுவேல் மூத்துஸ்ஸாமி, கால்பந்து வீரர். பாரிஸில் பிறந்தார். தந்தை வழி குவாதலூப், தாய் வழி காங்கோ. பிரான்சின் நான்த் அணிக்கு ஆடினார், நாட்டுக்கென்று ஆடியது காங்கோ ஜனநாயகக் குடியரசுக்கு. சோழநாட்டு முருகன் பெயர் ஆப்பிரிக்காவின் நடுவில் இருக்கும் ஒரு நாட்டின் சட்டையில்!

இந்தப் பெயர்களோடு இன்னொரு பெயரையும் நினைவில் வையுங்கள். ஹென்றி சிதம்பரம். குவாதலூப்பில் ஒப்பந்தக் கூலிகளின் மகனாக 1863-இல் பிறந்தவர். அந்தத் தீவிலேயே பிறந்த இந்திய வம்சப் பிள்ளைகளுக்கு ஓட்டு இல்லை என்று 1904-இல் அரசு சொன்னபோது வழக்குத் தொடுத்தார். பத்தொன்பது ஆண்டு இழுத்தது. 1923-இல்தான் அவர்கள் பிரெஞ்சுக் குடிமக்கள் என்று ஏற்கப்பட்டது. வாக்காளர் பட்டியலில் சிதம்பரம், முத்துசாமி, வீரப்பன், ராமசாமி என்ற பெயர்கள் ஏறியது அந்த வழக்கால். பதிவேட்டில் பெயர் ஏறுவது ஒன்று, அந்தப் பெயருக்கு உரிமை வருவது வேறொன்று. இரண்டுக்கும் நடுவில் ஏறக்குறைய எழுபது வருடம் போயிருக்கிறது.

இப்போது கொஞ்சம் கணக்கு. வகுப்பில் தூங்கியவர்களும் விழித்துக்கொள்ளுங்கள்.

டர்பன் முத்துசாமி, குவாதலூப் மூத்துஸ்ஸாமி, மொரீஷியஸ் மூட்டூசாமி எல்லோரும் ஒரே குடும்பமா? இல்லை. இங்கே முத்துசாமி சாதாரணமான பெயர். பல கப்பல்களில் பல முத்துசாமிகள் போனார்கள். கப்பல் இறங்கிய ஒவ்வொரு முத்துசாமியும் தனியாக ஒரு வம்சத்துக்கு மூலவர் ஆனார். அதனால் ஒரே தீவில் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் இருக்கும் இரண்டு முத்துசாமிக் குடும்பங்களுக்குள் ரத்த உறவு இல்லாமலே இருக்கலாம்.

இதற்கு நேர்மாறும் நடக்கும். கூடப்பிறந்த இரண்டு அண்ணன் தம்பி, முத்துசாமி, ராமசாமி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேரும் ஒரே கப்பலில் போய் ஒரே தோட்டத்தில் வெட்டினாலும், மூத்தவர் பிள்ளைகள் முத்துசாமிகள், இளையவர் பிள்ளைகள் ராமசாமிகள் ஆகிவிடுவார்கள். மூன்று தலைமுறை கழித்து அவர்கள் பங்காளிகள் என்பதைப் பெயரைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

இன்னொன்று. இப்படிப்பட்ட பெயர் மகன் வழியாகத்தான் நடக்கும். ஒருவருக்கு மகள்கள் மட்டும் இருந்தால் பெயர் அவரோடு நின்றுவிடும். ஐந்து மகன்கள் இருந்தால் ஐந்து கிளை. அதனால் சில பெயர்கள் ஊர் முழுக்கப் பரவின, சில பெயர்கள் ஒரு கல்லறைக் கல்லோடு முடிந்தன. 1960, 70-களில் குவாதலூப்பிலிருந்து ஆயிரக்கணக்கானோரைப் பிரெஞ்சு அரசே வேலைக்கென்று பிரான்சுக்கு அழைத்துப்போனது. மூத்துஸ்ஸாமியும் கூடவே பாரிஸ் புறநகருக்குக் குடிபோனார்.

ஆண்கள் கதையையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். பெண்கள்? நேட்டால் கப்பல்களில் 100 ஆணுக்கு 40 பெண்ணாவது இருக்க வேண்டும் என்று விதி. அவர்களும் கரும்பு வெட்டினார்கள், அங்கேயே பிள்ளை பெற்றார்கள். பட்டியலில் அவர்கள் பெயரும் இருக்கிறது. ஆனால் அஞ்சலை என்றோ குப்பம்மாள் என்றோ அங்கே ஒரு குடும்பப்பெயர் உருவாகவில்லை. தில்லையாடி வள்ளியம்மையை எடுத்துக்கொள்ளுங்கள். பிறந்தது ஜோகன்னஸ்பர்க், காந்தியின் போராட்டத்தில் சிறை சென்று 1914-இல் பதினாறு வயதில் உயிர் விட்டதும் ஜோகன்னஸ்பர்க். அங்கே ஆவணங்களில் அவர் பெயருக்குப் பின்னால் அப்பாவின் பெயரும் சாதிப் பட்டமும். நாம் இங்கே அவர் தாயின் ஊரைப் பெயருக்கு முன்னால் வைத்து நினைவில் வைத்திருக்கிறோம். எனக்கு நம் முறைதான் பிடித்திருக்கிறது.

சரி, அவர்களுக்குப் பெயர் வந்த கதை இது. நமக்குப் பெயரின் வால் போன கதை என்ன?

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் செங்கல்பட்டு. அங்கே 1929 பிப்ரவரி 17, 18 தேதிகளில் சுயமரியாதை இயக்கத்தின் முதல் மாகாண மாநாடு நடந்தது. தலைமை டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன். தியாகராய நகரில் புடவை எடுக்கப் போகிறோமே பாண்டி பஜார், அது இவர் பெயரில் அமைந்த சௌந்தரபாண்டியனார் அங்காடிதான். பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விட்டுவிட வேண்டும் என்று அந்த மாநாட்டில் தீர்மானம். பெரியார் அதற்கு முன்பே, 1927-இல், தன் பெயரிலிருந்து நாயக்கரை எடுத்துவிட்டார். பெண்களுக்கும் சொத்தில் சம உரிமை வேண்டும் என்பதும் அதே மாநாட்டின் தீர்மானம்தான். மாநாட்டில் கலந்துகொள்ளாதவர்களும், அந்த இயக்கத்தை ஏற்காதவர்களும்கூட அடுத்த இருபது முப்பது ஆண்டுகளில் பட்டத்தை விட்டுவிட்டார்கள். வேறு எந்த மாநிலத்திலும் இவ்வளவு பெரிய அளவில் இது நடக்கவில்லை.

அதன் பலனை நான் தினமும் பதிவேட்டில் பார்த்தேன். தாம்பரம் பலதரப்பட்டவர்கள் வந்து சேர்ந்த ஊர். என் வகுப்பில் ரயில்வேக்காரர் பிள்ளைகள், விமானப்படைக் குடியிருப்பிலிருந்து வரும் வடநாட்டுப் பிள்ளைகள், வீட்டுப் பெயரை முன்னால் வைக்கும் தெலுங்குப் பிள்ளைகள், பல்லாவரத்து ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகள் எல்லோரும் இருந்தார்கள். நம் பிள்ளைகளின் பெயரில் மட்டும் ஓர் எழுத்து, ஒரு புள்ளி, ஒரு பெயர். முப்பது வருடத்துக்கு மேல் பெயர் கூப்பிட்டிருக்கிறேன். யார் என்ன சாதி என்று பதிவேட்டின் பெயர்ப் பத்தி எனக்குச் சொன்னதே இல்லை. ஒரு டீச்சருக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று உங்களுக்குத் தெரியாது.

நம் முறையிலும் குறை உண்டு. என் எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழில் என் அப்பாவின் எழுத்து. ரேஷன் அட்டையில் கணவரின் எழுத்து. ஓய்வூதியக் காகிதம் போடும்போது ஓர் அலுவலகத்தில் இந்த இரண்டு பேரும் யார் என்று கேட்டார்கள். இரண்டு பேரும் ஒரே ஆள்தான் என்று முத்திரைத்தாளில் எழுதிக் கொடுத்தேன். ஆண்கள் யாருக்கும் அந்தச் செலவு இல்லை.

வெளிநாட்டில் இருக்கும் உங்களுக்கு வேறு தொல்லை. பாஸ்போர்ட்டில் இனிஷியல் செல்லாது, விரித்து எழுத வேண்டும். பெயர் முழுவதையும் ஒரே கட்டத்தில் எழுதிவிட்டு மற்றதைக் காலியாக விட்டவர்களுக்கு அமெரிக்க விசாவில் எஃப்.என்.யு. என்று அச்சாகி வந்ததே, நினைவிருக்கிறதா? முதல் பெயர் தெரியவில்லை என்று அதற்கு அர்த்தம். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் சுற்றுலா விசாவில் வர முடியாது என்று அறிவித்தபோது இங்கே எத்தனை வீடுகளில் பதற்றம். ஆகவே கட்டத்தை நிரப்பித்தான் ஆக வேண்டும். அதில் எனக்கு மாறுபட்ட கருத்து இல்லை.

எதைக்கொண்டு நிரப்புவது என்பதுதான் கேள்வி. சொந்தக்காரர்களே, இங்கேதான் உங்களோடு வழக்காடுகிறேன். வயதில் மூத்தவள் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

1860-இல் கப்பல் ஏறியவர்களுக்குத் தேர்வு இல்லை. எழுதியவர் எதை எழுதினாரோ அதுதான். எழுத்து தெரியாத அவர் அதைப் படித்துப் பார்க்கவும் முடியாது. இன்று அந்தக் குமாஸ்தாவின் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது நீங்கள். உங்கள் கையில் பேனா. நீங்கள் எழுதுவது ஒரு குழந்தைக்கு மட்டும் அல்ல, அதன் பிள்ளைகளுக்கும் பேரன்களுக்கும்.

சாதிப் பட்டத்தை எழுதினால் என்ன ஆகும்? நம் தாத்தாக்கள் கழற்றி வைத்ததை, பிறந்து பத்து நாள் ஆன குழந்தையின் கழுத்தில் மாட்டுகிறீர்கள். அதுவும் அந்தக் குழந்தை அதற்கு அர்த்தம் தெரியாத நாட்டில் வளரப்போகிறது. ஆனால் அதன் வகுப்பிலும் வேலையிலும் அர்த்தம் தெரிந்த வேறு நம்மவர்கள் இருப்பார்கள். அவர்களில் ஒருவர் பட்டத்தைப் பார்த்து இளிப்பார், ஒருவர் முகம் சுளிப்பார். இரண்டும் அந்தக் குழந்தைக்கு வேண்டாம். கௌரவம் என்று சொன்னீர்கள். மூத்துஸ்ஸாமி என்ற பெயரோடு நாடாளுமன்றத்துக்குப் போனார்கள், சிகாகோவில் கட்டடம் கட்டினார்கள், டெஸ்டில் சதம் அடித்தார்கள். அந்தப் பெயரில் எந்தப் பட்டமும் இல்லை. ஓர் உழைப்பாளியின் பெயர் மட்டும் இருக்கிறது. எது குறைந்துபோயிற்று?

தோட்டத்துக்குப் போனவர்கள்தான் என்று இல்லை, படிக்கப் போனவர்களும் ஆள் பெயரைத்தான் எடுத்துப்போனார்கள். 1958-இல் அமெரிக்காவுக்குப் படிக்கப் போன ஷியாமளா கோபாலன் அப்பாவின் பெயரைக் குடும்பப்பெயர் ஆக்கிக்கொண்டார். கமலா ஹாரிஸின் தாயார் அவர். இன்னொரு குடும்பம் பாருங்கள். சித்தப்பா சி.வி. ராமன், 1930-இல் நோபல். அண்ணன் மகன் சுப்பிரமணியன் சந்திரசேகர், 1983-இல் நோபல். இருவர் பெயரிலும் பொதுவான குடும்பப்பெயர் இல்லாததால், இவர்கள் ஒரே வீட்டுக்காரர்கள் என்று வெளிநாட்டார் பலருக்குத் தெரியாது. ராமனின் பெயருக்கு முன்னால் இருக்கும் 'சி' அவருடைய அப்பா சந்திரசேகரன். அந்தத் தாத்தாவின் பெயரைத்தான் பேரனுக்கு வைத்தார்கள். 1999-இல் விண்ணுக்குப் போன நாசாவின் தொலைநோக்கிக்குப் பேரனின் நினைவாகச் சந்திரா என்று பெயர். நம் ஊர்த் தாத்தா ஒருவரின் பெயர் பூமியைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. பட்டம் இல்லாமல்தான் சுற்றுகிறது.

ஆகவே என் யோசனை இதுதான். சர்நேம் கட்டத்தில் ஓர் ஆளின் பெயரை எழுதுங்கள். அப்பா பெயர், தாத்தா பெயர், எது வேண்டுமானாலும். அம்மாவின் பெயரும் பாட்டியின் பெயரும் ஆகாது என்று எந்தச் சாஸ்திரமும் சொல்லவில்லை. நான்கு வீடு வேலை செய்து உங்களைப் படிக்கவைத்த அம்மாக்கள் எத்தனை பேரை எனக்குத் தெரியும்! அஞ்சலை என்று ஒரு குடும்பப்பெயர் உலகத்தில் இருந்தால் என்ன? எதை எழுதினாலும், எல்லாக் காகிதத்திலும் ஒரே மாதிரி எழுத்துக்கூட்டி எழுதுங்கள். அண்ணன் தம்பி, அக்கா தங்கை கலந்து பேசி ஒரே பெயரை எடுத்துக்கொண்டால், முத்துசாமி, ராமசாமி கதை உங்கள் வீட்டில் நடக்காது.

முக்கியமான ஒன்று. அந்தப் பெயருக்கு உரியவர் யார், எந்த ஊர், என்ன வேலை பார்த்தார், எப்படிச் சிரிப்பார் என்று ஒரு பக்கம் தமிழில் எழுதிப் பாஸ்போர்ட்டோடு வையுங்கள். குவாதலூப்பில் இருப்பவர்கள் இன்று தேடுவது அந்த ஒரு பக்கத்தைத்தான். நூற்றைம்பது வருடம் கழித்து யாரும் உங்கள் தாத்தாவைத் தேடி ஆவணக் காப்பகத்தில் உட்கார வேண்டாம்.

கருத்துப் பகுதியில் ஒவ்வொருவரும் உங்கள் இனிஷியலை விரித்து, அந்தப் பெயர் யாருடையது என்று இரண்டு வரி எழுதுங்கள். பதிவேட்டில் வெறும் எழுத்தாக நான் கூப்பிட்ட உங்கள் அப்பாக்களையும் அம்மாக்களையும் முழுப் பெயரோடு தெரிந்துகொள்ள எனக்கு ஆசை. மாற்றுக் கருத்து உள்ள உறவினர்களும் தாராளமாக எழுதலாம். வீட்டுக்கு வந்து சண்டை போட்டாலும் சரி, காபி உண்டு.

எல்லோரும் நன்றாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று டீச்சர்,
மேற்கு தாம்பரம்